டோக்கியோவில் ஒரு கல்கத்தா நீதிபதி

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள், ஹூக்ளி நதிக்கரைக்கு அண்மையில் செந்நிறமாய் ஓங்கி நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடத்தைப் பலமுறை கண்டிருப்பார்கள். 1872-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கட்டடம், பெல்ஜியம் நாட்டு ஈப்ர் நகரத்தின் பழைய துணிச்சந்தை மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பெற்றது. மூலமாக விளங்கிய அந்த மண்டபம் முதல் உலக யுத்தத்தின் பீரங்கிகளுக்கு இரையாகி இடிந்தது. சாயல் இங்கே நிலைத்து நின்றது. மூலம் அங்கே சாம்பலாயிற்று.

ஈப்ர் போன்ற நகரங்களை அழித்த யுத்தத்திற்கு யார் பொறுப்பு என்ற வினா 1919-ஆம் ஆண்டில் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் எழுந்தது. அதன் 227-ஆவது ஷரத்து, ஜெர்மானியச் சக்கரவர்த்தியாக இருந்த இரண்டாம் வில்ஹெல்மை விசாரிக்க ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்படும் என்று கூறிற்று. ஆனால் அவர் ஹாலந்து நாட்டில் தஞ்சம் புகுந்திருந்தார். ஹாலந்து அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது. 1941-ஆம் ஆண்டில் அங்கேயே அவர் இயற்கை மரணம் எய்தினார். நாட்டை ஆள்வோர் யுத்தக் கொடுமைகளுக்குத் தாமே நேரில் விடை கூறவேண்டும் என்ற எண்ணம் ஏட்டிலே பிறந்து, அப்போதைக்கு ஏட்டிலேயே உறங்கிற்று.

அந்த எண்ணம் மறுபடி விழித்தெழுந்த காலத்தில், அதனை உலகிலேயே மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர் இதே கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்திருந்த ஒருவர். அவர் டாக்டர் ராதாவினோத் பால். அவர் வரலாற்றையும், அவர் எழுதிய தீர்ப்பையும், அத்தீர்ப்பு நம்மவர்க்கு, குறிப்பாகத் தமிழர்க்கு, எழுப்பும் ஒரு வினாவையும் இங்கே ஆராய்வோம்.

பால் 1886-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அந்நாளில் வங்கத்தின் நதியா ஜில்லாவில் அடங்கியிருந்த சலிம்பூர் கிராமத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று பங்களாதேஷைச் சேர்ந்தது. எளிய குடும்பம், கல்வியே செல்வமாயிற்று. கல்கத்தா பிரெசிடென்ஸி கல்லூரியில் கணிதம் பயின்று, மைமன்சிங் நகரத்துக் கல்லூரியில் கணித ஆசிரியராய் இருந்து, பின்னர்ச் சட்டத் துறைக்கு வந்தார். கல்கத்தாச் சட்டக் கல்லூரியில் பேராசிரியர், 1941 முதல் 1943 வரை உயர்நீதிமன்ற நீதிபதி, 1944 முதல் 1946 வரை கல்கத்தாப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் எனப் படிப்படியாய் உயர்ந்தார்.

அவர் துணைவேந்தராய் இருந்த கல்கத்தா எத்தகையது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 1942 டிசம்பரிலும் 1943 டிசம்பரிலும் ஜப்பானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு வீசின. கிதர்ப்பூர்த் துறைமுகம் அடிபட்டது. அதனினும் பெரிய கொடுமை 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். ஜப்பானியர் கையில் சிக்கலாகாது என்று சொல்லி, கரையோர ஜில்லாக்களில் பத்துப் பேருக்குமேல் ஏற்றிச் செல்லத்தக்க படகுகளைச் சர்க்கார் 1942-இலேயே அப்புறப்படுத்திவிட்டது. மிகுதியான அரிசியையும் வாங்கி அகற்றிற்று. மீனவர் தொழில் இழந்தனர், விலை ஏறிற்று, கிராமத்து ஏழைகள் நகரத்துத் தெருக்களில் வந்து விழுந்து மாண்டனர். இந்தியச் சர்க்கார் கேட்ட அளவுக்குத் தானியம் கொண்டுவர லண்டன் போர் மந்திரிசபை கப்பல் ஒதுக்கவில்லை. உட்ஹெட் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன் இறந்தவர் தொகையை 15 லட்சம் என்றது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 லட்சம் வரை மதிப்பிடுகின்றனர். இதற்காக எந்த மந்திரியும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

மேலும், 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் இந்தியத் தேசிய ராணுவத்தின் மூன்று அதிகாரிகள்மீது வழக்குத் தொடங்கிற்று. அதனை எதிர்த்துக் கல்கத்தா மாணவர்கள் ஊர்வலம் சென்றனர்; போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அப்படையில் மலேயாத் தமிழர்கள் எத்துணைப் பேர் சேர்ந்திருந்தார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. ஆள்வோர் அமைக்கும் நீதிமன்றம், ஆள்வோருக்கு எதிராய்ப் போரிட்டவர்களை விசாரிக்கும்போது அதற்கு நீதி என்ற பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வி, அந்நாளில் கல்கத்தா வீதிகளில் உரக்கக் கேட்கப்பட்ட கேள்வியாகும். அதற்கு அடுத்த ஆண்டே பால் டோக்கியோவுக்குப் புறப்பட்டார்.

தூரகிழக்குச் சர்வதேச ராணுவ நீதிமன்றம், தளபதி மக்கார்தரின் பிரகடனத்தால் 1946 ஜனவரி 19-ஆம் நாள் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு மே 3-ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. முதலில் 9 நாடுகளின் நீதிபதிகளே இடம்பெறுவதாக இருந்தது. பின்னரே இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்க்கப்பட்டன. ஆக, நீதிபதிகள் பதினொருவர். தலைவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வெப். குற்றம் சாட்டப்பட்டோர், முன்னாள் பிரதமர் டோஜோ உட்பட 28 பேர். அவர்களுள் இருவர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். ஒருவர் மனநிலை சரியில்லாதவராய் விலக்கப்பட்டார். சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவின் பெயர் அப்பட்டியலில் இடம்பெறவேயில்லை. 400-க்கும் மேற்பட்ட சாட்சிகள் நேரில் வந்து கூறினர். ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கும், ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட வேண்டியிருந்தமையால் வழக்கு இரண்டரை ஆண்டுகள் நீண்டது.

1948 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எஞ்சியிருந்த 25 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 7 பேருக்குத் தூக்கு. 16 பேருக்கு ஆயுள் தண்டனை. இருவருக்குக் குறித்த காலச் சிறை. தூக்குத் தண்டனைகள் டிசம்பர் 23-ஆம் நாள் நிறைவேற்றப்பட்டன. பிரான்சு, ஹாலந்து நீதிபதிகள் சிற்சில பகுதிகளில் மாறுபட்டனர். பால் ஒருவரே, எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அம்மாறுபட்ட தீர்ப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்படவில்லை. ஜப்பானில் அந்நிய ராணுவ ஆட்சி முடிவுற்ற 1952-ஆம் ஆண்டுக்குப் பின்னரே அது அங்கே அச்சில் பரவிற்று. 1953-இல் கல்கத்தாவில் முழுநூலாய் வெளிவந்தது.

பால் கூறிய காரணங்கள் யாவை? அவற்றை மூன்றாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, சட்டம் பற்றியது. ஆக்கிரமிப்பு யுத்தம் தொடுப்பதே தனிமனிதர் செய்யும் குற்றம் என்ற விதி, அந்த யுத்தம் தொடங்கியபோது உலகச் சட்டத்தில் இருக்கவில்லை. 1928-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை யுத்தத்தைக் கைவிடுவதாகக் கூறிற்றேயன்றி, தற்காப்பு எது, ஆக்கிரமிப்பு எது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. செயல் நடந்தபின் சட்டம் இயற்றி, அதைக்கொண்டு தண்டிப்பது நீதியாகாது. வென்றவனுக்குத் தோற்றவன்மீது உள்ள அதிகாரம் சர்வதேசச் சட்டம் தந்த அளவே. புதுக் குற்றத்தைப் படைக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

இரண்டாவது, நீதிபதி பற்றியது. வென்றவர்கள் மட்டுமே நீதிபதிகளாகவும், தோற்றவர்கள் மட்டுமே குற்றவாளிகளாகவும் இருக்கும் மன்றத்தில் நீதியின் உருவம் இருக்கலாம். உள்ளம் இருக்குமா என்று அவர் ஐயுற்றார். ஆசிய நாடுகளைப் படைவலியால் பிடித்து ஆண்டுவந்த வல்லரசுகளே பிறர் பிடித்ததைக் குற்றம் என்பதையும் சுட்டிக்காட்டினார். பொதுமக்களின் உயிரை வேறுபாடின்றி அழிப்பது குற்றமானால், பசிபிக் யுத்தத்தில் அதற்கு மிக அண்மையில் வருவது அணுகுண்டு வீச எடுத்த முடிவே என்றும் எழுதினார்.

மூன்றாவது, பொறுப்பு பற்றியது. இதுவே மிகவும் கவனிக்கத்தக்கது. ஜப்பானியப் படைகள் பொதுமக்களுக்கும் கைதிகளுக்கும் இழைத்த கொடுமைகளைப் பால் மறுக்கவில்லை. அவற்றிற்குரிய சாட்சியம் மிக வலிமையுடையது என்றே ஒப்புக்கொண்டார். ஆனால் டோக்கியோவில் இருந்த இத்தலைவர்கள் அவற்றைச் செய்யும்படி உத்தரவிட்டார்கள் என்றோ, தடுக்கவேண்டிய கடமையை வேண்டுமென்றே கைவிட்டார்கள் என்றோ மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர் முடிவு. நேரில் கொடுமை செய்தவர்கள் வேறு மன்றங்களில் விசாரிக்கப்பட்டுவிட்டனர் என்பதையும் கூறினார்.

இங்கே ஒரு சொல்வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் நலம். ‘குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை’ என்பது வேறு. ‘தவறே செய்யவில்லை’ என்பது வேறு. முன்னதையே பால் எழுதினார். பின்னதை எழுதியதாக ஜப்பானில் ஒரு சாரார் பரப்பினர். டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் 2005-ஆம் ஆண்டில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 2007 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியப் பிரதமர் அபே, நமது பாராளுமன்றத்தில் பாலின் பெயரைப் போற்றிப் பேசி, பின்னர்க் கொல்கத்தாவிற்கு வந்து அவருடைய மகனையும் சந்தித்தார். இந்திய அரசாங்கமோ, 1948-இலேயே அத்தீர்ப்பு நீதிபதியின் சொந்தக் கருத்து என்ற நிலையை மேற்கொண்டு, அதனின்றும் விலகியே நின்றது.

இனி, தமிழராகிய நாம் இத்தீர்ப்பை எவ்வாறு நோக்குவது? வங்கத்து அறிஞர் ஒருவரின் துணிவைப் பாராட்டி அமைந்துவிடலாமா? நம்மால் அவ்வளவு எளிதாய் அமைய இயலாது. அதற்குக் காரணம் சயாம்–பர்மா ரயில் பாதை.

1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலையும் காடும் மழையும் நோயும் நிறைந்த அந்நிலத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000 பேருக்குமேல் மாண்டனர். இதனை உலகம் நன்கறியும். அவர்களோடு ஆசியத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் அங்கே கொண்டுசெல்லப்பட்டதை உலகம் அவ்வளவாக அறியாது. மலேயாவிலிருந்து மட்டும் எழுபதினாயிரம் பேருக்குமேல் சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். நாட்கூலி உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டப்பட்டவர் பலர். வலிந்து ஏற்றிச் செல்லப்பட்டவர் பலர். 1943-இல் காலரா பரவியபோது, போர்க் கைதிகளிடையே அவர்களுடைய படை மருத்துவர்களாவது இருந்தனர். கூலிகளிடையே அவ்வுதவிதானும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. காஞ்சனபுரியிலும் தன்பியூசயாத்திலும் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன. தமிழ்க் கூலிகள் புதைந்த இடங்களில் பெயர்க்கல் இல்லை.

இந்த ரயில் பாதை டோக்கியோ நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. கைதிகளை அங்கே ஈடுபடுத்துமாறு டோஜோ யோசனை கூறியதையும், அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிக்க ஏற்பாடு செய்யாததையும், நிலைமை கெட்டது எனத் தெரிந்த பின்னும் பெயரளவில் நடவடிக்கை எடுத்ததையும் பெரும்பான்மை நீதிபதிகள் அவருடைய குற்றமாய்க் கண்டனர். பாலும் இவ்வொரு செயலில் டோஜோவின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். ஆயினும், அது அரசின் செயல். தனிமனிதரைக் குற்றவாளியாக்கும் செயலன்று என்று முடித்தார்.

இந்த இடத்தில் நாம் பாலோடு உடன்பட இயலவில்லை. ரயில் பாதை ஒரு சிப்பாயின் வெறியால் விளைந்ததன்று. எத்தனை ஆள், எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் முடிவது என்று மேலிடத்தில் வகுத்த திட்டம் அது. தடியெடுத்து அடித்தவன் காட்டில் இருந்தான். அவசரப்படுத்தியவன் தலைநகரில் இருந்தான். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் ரயில் பாதை அதிகாரிகள் சிலரை விசாரித்துத் தண்டித்தன. கீழே உள்ளவன் தண்டிக்கப்பட்டுத் திட்டம் வகுத்தவன் ‘அரசு’ என்ற திரைக்குள் மறைவது முறையாயின், பெருங்கொடுமைகளுக்கு என்றுமே உரியவர் அகப்படமாட்டார். அரசு என்பது உயிரற்ற பெயர். கையெழுத்திடும் கை உயிருள்ள மனிதனுடையது.

ஆனால் இதே நியாயத்தை வைத்துக்கொண்டு வங்கப் பஞ்சத்தின் பக்கமும் திரும்பவேண்டும். படகுகளைப் பறிக்க உத்தரவிட்டதும் கப்பல் ஒதுக்க மறுத்ததும் மேலிடத்தின் முடிவுகளே. அங்கும் நோக்கம் யுத்தம். அங்கும் மாண்டவர் பெயரற்ற ஏழைகள். இவ்விரண்டும் எல்லா வகையிலும் ஒன்றே என நாம் கூறவில்லை. அடிமை வேலையால் கொல்வதும் அலட்சியத்தால் பட்டினிக்கு விடுவதும் சட்டத்தில் வெவ்வேறு; பஞ்சத்தின் காரணங்களில் புயல், பதுக்கல், மாகாண நிர்வாகத்தின் தவறு ஆகியவையும் சேர்ந்திருந்தன. எனினும், ஒன்றை விசாரிக்க மன்றம் இருந்தது, மற்றொன்றை விசாரிக்க மன்றமே இல்லை என்பதுதான் பால் கண்ட குறை. அக்குறை மெய்யானது. தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையை நாம் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவருவதன் காரணம் யாது? மாற்றான் மகனை எந்த மன்னனும் தண்டிப்பான் என்பதுதானே.

ஆசிய நீதிபதிகள் எல்லோரும் பாலைப் போல் எண்ணினர் என்றும் கருதலாகாது. பிலிப்பைன்ஸ் நீதிபதி ஹரானில்யா, பட்டான் மரண நடைப்பயணத்தில் தாமே கைதியாய் நடந்தவர். அவர் தண்டனைகள் போதா என்று எழுதினார். அந்நிய ஆட்சியில் வாழ்ந்த இரு ஆசியர், ஒரே சாட்சியத்தைக் கேட்டு எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். துன்புற்றவனே நீதிபதியாய் அமர்வதில் உள்ள ஆபத்தும், துன்புற்றவன் இல்லாத மன்றத்தில் உள்ள குறையும் இதிலிருந்து ஒருங்கே புலனாகின்றன. மலேயாவுக்கோ பர்மாவுக்கோ கொரியாவுக்கோ அங்கே ஓர் ஆசனமும் இல்லை.

பால் 1952-ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்டக் கமிஷனில் உறுப்பினராய் அமர்ந்து, அதன் தலைமையும் ஏற்றார். 1959-இல் பத்மவிபூஷண் பெற்று, 1967 ஜனவரியில் கல்கத்தாவில் காலமானார். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் அவருடைய வினா அவர் நகரத்தின் வாயிலுக்கே வந்தது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். கல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியிலும் முகாம்கள் எழுந்தன. டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை, கல்கத்தா வில்லியம் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட நமது கிழக்குப் படைத்தலைவர் அரோராவிடம் சரணடைந்தது. கைதிகளில் 195 பேரை யுத்தக் குற்றங்களுக்காக விசாரிப்பதாக பங்களாதேஷ் அறிவித்து, 1973-இல் சட்டமும் இயற்றிற்று. ஆனால் 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்த 195 பேரும் விசாரணையின்றி நாடு திரும்பினர். அமைதிக்காகவும், பாகிஸ்தானில் தங்கிவிட்ட வங்காளியரை மீட்பதற்காகவும் நீதி ஒத்திவைக்கப்பட்டது. வென்றவன் நீதி டோக்கியோவில் குறையுடையதாயிற்று. டாக்காவில் வென்றவனும் நீதியைக் கைவிட நேர்ந்தது.

அதன்பின் உலகம் சில அடிகள் முன்னேறியுள்ளது. யூகோஸ்லாவியாவுக்கு 1993-இலும், ருவாண்டாவுக்கு 1994-இலும் ஐக்கிய நாடுகள் சபை நீதிமன்றங்கள் அமைத்தது. 1998 ஜூலையில் ரோம் நகரில் நிலையான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சாசனம் 120 நாடுகளின் வாக்கால் நிறைவேறிற்று. 2002-இல் அது செயலுக்கு வந்தது. செயல் நடந்தபின் சட்டம் செய்யலாகாது என்று பால் வற்புறுத்திய விதி அச்சாசனத்திலேயே எழுதப்பட்டுள்ளது. நாட்டின் தலைவர் என்பது தண்டனைக்குத் தடையன்று என்பதும் அதில் உண்டு. ஆக்கிரமிப்புக்கு வரையறையும் 2010-இல் கூட்டப்பட்டது. லைபீரியாவின் முன்னாள் அதிபர் டெய்லர், வேறொரு சிறப்பு நீதிமன்றத்தால் 2012-இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2023-இல் ரஷ்ய அதிபர்மீதே கைது உத்தரவு பிறந்தது. எனினும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவை அம்மன்றத்தின் உறுப்பினர்கள் அல்ல. ரோம் வாக்கெடுப்பில் நடுநிலை வகித்த இந்தியாவும் உறுப்பினராகவில்லை.

இலங்கையில் 2009-இல் முடிந்த போரைப் பற்றியும் நேயர்கள் நினைப்பது இயல்பே. ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, அரசாங்கப் படையினர், விடுதலைப் புலிகள் ஆகிய இருதரப்பினர்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கூறிற்று. 2015-இல் மனித உரிமை ஆணையர் அலுவலகம் உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் சேர்ந்த சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்றது. அத்தகைய மன்றம் அமையவில்லை. இருதரப்பையும் விசாரிக்கவேண்டும் என்ற அந்த அறிக்கையின் நெறி, பால் டோக்கியோவில் காணாத நெறி என்பதைக் குறித்துக்கொள்வது தகும்.

எனவே நமது முடிவு இது. யுத்த காலத் தலைவர்கள் தம் முடிவுகளால் விளைந்த கொடுமைகளுக்கு நேரில் விடை கூறவேண்டும். சயாம் காட்டில் மாண்டவர்களின் பொருட்டு இதனைப் பாலுக்கு எதிராகவே கூறவேண்டியுள்ளது. ஆனால் அவர்களை விசாரிக்கும் மன்றம் முன்னரே எழுதப்பட்ட சட்டத்தால் கட்டுண்டதாகவும், வென்றவனையும் அழைக்கும் உரிமை உடையதாகவும் இருக்கவேண்டும். இதனைப் பாலிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. மன்றம் குறையுடையது என்று குற்றத்தை மறந்தால், பெயரின்றிப் புதைந்தவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி செய்தவர்களாவோம். குற்றம் பெரிது என்று மன்றத்தின் குறையை மறந்தால், அடுத்த யுத்தத்தில் வெல்பவனுக்கு இப்போதே மன்னிப்பு எழுதிக்கொடுத்தவர்களாவோம்.